லயத்துப் படங்களை யாரிடம் விற்பது?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். வயது 46. அப்பா, அம்மா இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்கியவர்கள். ஆறு வருடமாக ஓவியம் வரைகிறேன். எல்லாம் தோட்டத்துப் படங்கள்தான். தொழிலாளிகளின் வரிசை வீடான லயம், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, மரம் வெட்டும் பெண்கள். பெரும்பாலும் 12க்கு 16 அங்குல கேன்வாஸ், அக்ரிலிக் வண்ணம். போன வருடம் இங்கே ஒரு மண்டபத்தில் நடந்த விற்பனைச் சந்தையில் இரண்டு நாள் மேசை போட்டேன். 14 படங்களில் ஒன்றுகூட விற்கவில்லை. 380 வெள்ளி (ரிங்கிட்) என்றதும், “வரைஞ்சதுக்கா இவ்வளவு?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சொந்தக்காரர் ஒருவர் 100 வெள்ளிக்குக் கேட்டார். இப்போது கோலாலம்பூரில் ஓர் ஓவியச் சந்தைக்கு அழைப்பு வந்திருக்கிறது. மூன்று நாளுக்கு இடவாடகை 1,800 வெள்ளி. இந்த மாதக் கடைசிக்குள் கட்டச் சொல்கிறார்கள். போகலாமா? விலையைக் குறைக்கலாமா? அப்புறம், ஒரு நிறுவனம் என் படங்களை நாட்காட்டியில் போடக் கேட்கிறது. சம்மதிக்கலாமா? “ஓவியமெல்லாம் நமக்கு எதுக்கு” என்று வீட்டில் சொல்கிறார்கள். பெயர் போட வேண்டாம்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

கோலாலம்பூர் சந்தைக்கு இந்த வருடம் போக வேண்டாம். பணம் கட்டக் கெடு நெருங்குவதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். இடவாடகை 1,800. வேன், டோல், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 450 ஆகும். மலிவான இடமாகப் பார்த்தாலும் மூன்று இரவு தங்க 360. சாப்பாட்டுக்கு 150. விளக்கு வாடகை தனி என்று நீங்கள் அனுப்பிய அழைப்பின் இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது, அது 120. ஆக மொத்தம் 2,880 வெள்ளி. நீங்கள் 380 வெள்ளிக்கு விற்கும் படத்தில் படச்சட்டத்துக்கு 85, கேன்வாசுக்கும் வண்ணத்துக்கும் 35 போனால் கையில் நிற்பது 260. போட்ட பணத்தை எடுக்கவே 12 படம் விற்றாக வேண்டும். உங்களிடம் இருப்பது 14. ஈப்போவில் இருபது வருடத்துக்கு மேலாகப் படச்சட்டக் கடை வைத்திருக்கிறேன். என் படங்களையும் மற்றவர்கள் படங்களையும் ஏற்றிக்கொண்டு நாற்பது கண்காட்சிகளுக்கு மேல் போயிருப்பேன். முதல் முறை போகிற ஒருவர் 14இல் 12ஐ விற்றுவிட்டு வந்ததை நான் பார்த்ததில்லை.

சரி, படங்களுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய ஆறு புகைப்படங்களையும் கைப்பேசியில் பார்த்து மனம் கேட்காமல், கடைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆயாக்கொட்டகைப் படத்தில் ஏழு சேலைத் தொட்டில்கள் தொங்குகின்றன. ஆறு தொட்டில் கனத்து இறங்கியிருக்கிறது. ஏழாவது மட்டும் தட்டையாக, பிள்ளை இல்லாமல் தொங்குகிறது. ஆயா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா இன்னும் வந்து சேரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். இதை வரையத் தெரிந்தவர் 100 வெள்ளிக்குக் கேட்டவரைப் பார்த்துக் கலங்க வேண்டாம். உங்கள் படங்களில் குறை இல்லை. அவற்றை வாங்க வேண்டியவர்கள் அன்றைக்கு அந்த மண்டபத்துக்கு வரவில்லை.

அங்கே வந்தவர்கள் யார்? பண்டிகைக்குச் சேலையும் வளையலும் பலகாரமும் வாங்க வந்தவர்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பிளாஸ்டிக் பை. கணக்குப் பார்த்து எடுத்து வந்த பணம். 20 வெள்ளிச் சாமானுக்கு நடுவே 380 என்ற எண்ணைப் பார்த்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும். அவர்கள் மேல் வருத்தம் வேண்டாம். இன்னொன்றும் நீங்கள் மேசை போட்டிருந்த புகைப்படத்தில் தெரிகிறது. படங்களை மேசைமேல் படுக்கப்போட்டு, நாலைந்தைத் தண்ணீர் போத்தலில் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். படுத்துக் கிடக்கும் படத்தை ஜனங்கள் குனிந்து பார்ப்பார்கள்; குனிந்து பார்க்கும் எதற்கும் சந்தை விலைதான் மனதில் வரும். படம் சுவரில் நிற்க வேண்டும்.

உங்கள் படத்தை வாங்கப்போகிறவர்கள் தோட்டத்தை விட்டுப் போனவர்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல நினைப்பதில் பாதி இதுதான்.

உங்கள் ஊர்க்காரருக்கு நான் தோட்ட வரலாறு சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளிகளின் காசிலேயே தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அப்படிக் காப்பாற்றியது கொஞ்சம், போனது நிறைய. பால்மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்களை இடித்தார்கள். அங்கே பிறந்தவர்கள் இன்றைக்குக் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் ஜோகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஆசிரியர், தாதி, வழக்கறிஞர், லோரி வைத்துத் தொழில் செய்பவர். அவர்கள் வீட்டுச் சுவரில் அப்பா அம்மாவின் கல்யாணப் படம் இருக்கும், பட்டமளிப்புப் படம் இருக்கும். பிறந்த லயத்தின் படம் இருக்காது. அந்தக் காலத்தில் லயத்தில் யாரிடம் கேமரா இருந்தது? எப்போதாவது ஸ்டூடியோவுக்குப் போய்ப் பின்னால் திரை தொங்க எடுத்துக்கொண்டார்களே தவிர, தகரக் கூரையையும் தண்ணீர்க் குழாயடியையும் யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. அந்தக் காலி இடத்தில் மாட்டத்தான் உங்கள் படம்.

இந்த மக்கள் ஊருக்கு எப்போது வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தீபாவளிக்கு வருகிறார்கள். பழைய தோட்டத்துக் கோயில் இன்னும் நிற்கிற இடங்களில் வருடத் திருவிழாவுக்கும் தீமிதிக்கும் வருகிறார்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வந்துவிட்டு ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். அப்புறம் முன்னாள் மாணவர் சந்திப்பு. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் ஒன்றுகூடும் நாளைப் போல ஓவியம் விற்க நல்ல நாள் கிடையாது என்றே சொல்வேன். உங்கள் ஊரில் 1954இல் தொடங்கிய மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிறது. சுற்றுவட்டாரத் தோட்டப் பள்ளிகளில் படித்தவர்கள் எத்தனையோ பேர். பள்ளி வாரியத்திடமும் முன்னாள் மாணவர்களிடமும் போய்ப் பேசுங்கள். விருந்து நடக்கும் மண்டபத்தின் ஒரு சுவரை ஒரு நாளைக்குக் கேளுங்கள். விற்பதில் பத்தில் ஒரு பங்கைப் பள்ளிக்குத் தருவதாகச் சொல்லுங்கள். இடவாடகை 1,800 கொடுப்பதைவிட அந்தப் பத்தில் ஒரு பங்கு உங்களுக்கும் லாபம், பள்ளிக்கும் லாபம். விற்காவிட்டால் நட்டமும் கிடையாது.

கோயில் வளாகத்தில் வைப்பதாக இருந்தால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். சாலையோரமோ பொதுத் திடலோ என்றால் நகராண்மைக் கழகத்தில் தற்காலிக அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி வேனை இறக்கிவிட்டு, பிறகு எடு என்றால் கஷ்டம்.

இவர்களிடம் விற்பதில் ஒரு பெரிய விஷயம் உண்டு. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கோயில் மண்டபத்தில் என் படங்களை வைத்திருந்தேன். பால்மரக் காடு, விடியற்காலை, தலைவிளக்குக் கட்டிய பெண். வரைந்ததில் எனக்கு நல்ல திருப்தி. எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர் ஒருவர் வந்து நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலைப் படத்தில் படாமல் அரை அங்குலம் தள்ளிப் பிடித்து, மரத்தின் வெட்டுக்கோட்டு மேலேயே மெதுவாக இழுத்தார். “தம்பி, வெட்டு எறக்கம் மாறிப் போச்சு. இடப்பக்கம் மேல ஆரம்பிச்சு வலப்பக்கம் எறங்கணும். இது எதிர்ல போகுது” என்றார். நான் பார்த்து வரைந்த புகைப்படம் இடவலமாக மாறி அச்சாகியிருந்தது. பால்மரத்துப் பட்டையில் பால் ஓடும் குழாய்கள் நேர்குத்தாக இல்லாமல் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அதிகமான குழாய்களைத் திறக்கும். அதனால்தான் நாடு முழுக்க ஒரே சாய்வு. அவருக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. முப்பது வருடம் அந்தச் சாய்வில் உளியை இழுத்த கை அது. அவர் கோபப்படவில்லை. ஆனால் வாங்கவும் இல்லை, கூட வந்த மகனையும் வாங்க விடவில்லை. “நம்ம மரம் இல்லை, வா” என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த மரத்தை அழித்து மறுபடி வரைந்தேன். அடுத்த வருடம் அதே கோயிலில், அதே சுவரில் மாட்டினேன். பெரியவர் வரவில்லை. மகன் மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

உங்கள் படங்களில் வெட்டு சரியாக இருக்கிறது, பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். பால் வழியும் பீலிக்கு நேர் கீழே பால் பிடிக்கும் மங்கு இருக்கிறது. பக்கத்தில் கம்பியைச் சுற்றியிருப்பதும் சரி. ஆனால் பால் எடுக்கும் படத்தில் வெயில் உச்சியில் இருப்பதுபோல் நிழல் காலடியில் விழுகிறது. மரம் வெட்டுவது விடியும் முன்னே. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். ஓடி நின்றபின் முற்பகலிலேயே பால் எடுத்துவிடுவார்கள். நிழலைக் கொஞ்சம் நீட்டிவிடுங்கள். அம்மாவிடம் படத்தைக் காட்டிவிட்டு நீட்டுங்கள், அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. இன்னொன்று, படத்தில் வரும் மூக்குத்தி போட்ட அம்மாள் உண்மையில் இருப்பவர் என்றால், விற்கும் முன் அவரிடமோ பிள்ளைகளிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் முகம் யார் வீட்டுச் சுவருக்கோ போகிறது.

இனி விலை. குறைக்காதீர்கள். 380 வெள்ளி அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. 12க்கு 16 என்றால் 192 சதுர அங்குலம். ஏறக்குறைய அங்குலத்துக்கு 2 வெள்ளி. இதே கணக்கை எல்லா அளவுக்கும் வையுங்கள். 8க்கு 10 என்றால் 160. 18க்கு 24 என்றால் 860 சுமார். ரொம்பச் சின்னதுக்குக் கொஞ்சம் கூட்டியும் ரொம்பப் பெரியதுக்குக் கொஞ்சம் குறைத்தும் வைப்பது வழக்கம். மனதுக்குப் பிடித்த படத்துக்கு ஒரு விலை, பிடிக்காததுக்கு ஒரு விலை என்று வைத்தால் வாங்குபவர் குழம்பிப் போவார். பிடித்த படம் என்றால் விற்காதீர்கள், வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட்டில் ஒரு விலை, கோலாலம்பூரில் ஒரு விலை என்றும் வைக்கக் கூடாது. நம் ஜனங்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். கிள்ளானில் 600 கொடுத்தவர், ஊரில் அவர் மச்சான் 250க்கு வாங்கினார் என்று தெரிந்தால் அதோடு இரண்டு குடும்பமும் போச்சு. கலைக்கூடங்கள் விற்பனையில் 30 முதல் 50 விழுக்காடு வரை எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு அப்படி ஓர் இடத்தில் வைக்க நேர்ந்தால், சுவரில் போடும் விலை நீங்கள் நேரில் விற்கும் விலையாகத்தான் இருக்க வேண்டும். 380இல் பாதியைக் கொடுத்துவிட்டு 190இல் சட்டமும் கேன்வாசும் போனால் 70 வெள்ளிதான் மிஞ்சும். அந்தக் கட்டம் வருகிறபோது விலையை எல்லா இடத்திலும் ஒன்றாக உயர்த்துங்கள். இப்போதைக்கு அவசரம் இல்லை.

சொந்தக்காரர்கள் விஷயம் மனதுக்கு உறுத்தலானது, தெரியும். முகத்தை முறிக்க முடியாது. என் வழக்கம் இது: விலை மாறாது, தவணை உண்டு. மாதம் 95 வீதம் நாலு மாதம். படத்தை முதல் மாதமே கொடுத்துவிடுவேன். 100க்குக் கேட்டவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். உண்மையிலேயே படம் பிடித்தவர் என்றால் சரி என்பார். கல்யாணத்துக்கோ புதுமனைக்கோ அன்பளிப்பாகக் கொடுக்க மனம் வந்தால் முழுதாகக் கொடுங்கள். பாதி விலை என்று ஒன்றை மட்டும் உண்டாக்கிவிடாதீர்கள்.

380 வெள்ளி கொடுக்க வசதி இல்லாத ஊர்க்காரர்களும் உங்கள் படத்தை ஆசையாகப் பார்ப்பார்கள். அவர்களையும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். ஆயாக்கொட்டகைப் படத்தையும் இன்னும் இரண்டையும் நல்ல அச்சகத்தில் அமிலமற்ற தடித்த காகிதத்தில் அச்செடுங்கள். ஏ4 அளவு, 45 வெள்ளி சொல்லலாம். ஒவ்வொன்றும் 50 பிரதி என்று முடிவு செய்து, பென்சிலால் 1/50, 2/50 என்று எண் போட்டு, கையொப்பம் இடுங்கள். 50 முடிந்தால் முடிந்ததுதான். 51ஆவது அடிக்கவே கூடாது. அஞ்சலட்டை அளவில் 5 வெள்ளிக்கும் ஒன்று வையுங்கள். உங்களை அந்த மண்டபத்தில் ‘இவ்வளவா’ என்று கேட்டவர்களில் பலர் இதை வாங்குவார்கள். பக்கத்தில் குவாலா கங்சார் இருக்கிறதே, 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்று இன்னும் அங்கே மாவட்ட அலுவலகம் பக்கம் நிற்கிறது. இந்த நாட்டுப் பால்மரங்களுக்கெல்லாம் மூத்தது அது. மசூதியையும் லாபு சாயோங் மண்பானைகளையும் பார்க்க வருகிற சுற்றுப்பயணிகள் அதையும் பார்க்கிறார்கள். அதை நீங்கள் வரைந்ததாகத் தெரியவில்லை. வரைய வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் படச்சட்டக் கடைக்காரன், அதனால் மாட்டுவதையும் கட்டுவதையும் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன். படத்தின் நடு மையம் தரையில் இருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். 14ஐயும் மாட்ட வேண்டாம். ஒரு சுவருக்கு எட்டு போதும், நடுவில் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். ஆயாக்கொட்டகை தனியாக நிற்கட்டும். விளக்கு மேலிருந்து சாய்வாக விழ வேண்டும். மண்டபத்துக் குழல் விளக்கு போதாது. கவ்வி மாட்டும் விளக்கு மூன்று வாங்கிக்கொண்டால் ஆயுசுக்கும் வரும். கேன்வாசுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். அக்ரிலிக்குக் கண்ணாடி வேண்டாம். பார்ப்பவர் முகம்தான் அதில் தெரியும், படம் தெரியாது. கண்ணாடிக்குக் கொடுத்த காசு மிச்சம். காகிதத்தில் வரைந்ததுக்குக் கண்ணாடி கட்டாயம், ஆனால் படமும் கண்ணாடியும் ஒட்டக் கூடாது. நடுவில் அட்டை கொடுக்கச் சொல்லுங்கள். நம் நாட்டு ஈரத்தில் ஒட்டினால் ஆறே மாதத்தில் பூஞ்சணம். சட்டத்தின் கீழ்மூலை இரண்டிலும் பின்பக்கம் சின்ன ரப்பர்க் குமிழ் ஒட்டினால் சிமெண்டுச் சுவரில் இருந்து படம் விலகி நின்று காற்று போகும்.

லயத்து வாசல் காகிதப்பூவுக்கு மின்னுகிற ரோஸ் நிறம் போட்டிருக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது. அந்த மின்னும் நிறங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். குழாயின் மேல் ஒளியைத் தாங்கும் தரம் போட்டிருப்பார்கள்; முதல் இரண்டு தரத்துக்குள் இருக்கும் ரோஸாகப் பார்த்து அதன்மேல் ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள். வாங்கியவர் வீட்டில் மூன்று வருடத்தில் பூ வெளுத்துப் போனால் அவர் உங்களிடம் சொல்ல மாட்டார், மற்றவர்களிடம் சொல்வார்.

ஏற்றிப் போகும்போது படத்தின் முகத்தில் குமிழ் பிளாஸ்டிக் நேராகப் படவே கூடாது. அக்ரிலிக் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். ஒருமுறை பினாங்குக்குப் போகையில் காரின் பின்னிருக்கையில் ஐந்து படங்களை அப்படிச் சுற்றி வைத்துவிட்டேன். இரண்டு மணி நேர வெயில். இறக்கிப் பிரித்தால் வானம் முழுக்க வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது, அம்மை போட்டதுபோல. மூன்று படங்களைக் காப்பாற்ற முடியவில்லை. முதலில் கேக் சுடப் பயன்படுத்தும் ஒட்டாத காகிதம், அதன்மேல் அட்டை, அதற்கும் வெளியேதான் குமிழ். நிற்கவைத்து ஏற்றுங்கள், முகத்தோடு முகம், முதுகோடு முதுகு. வெளித்திடலில் கூடாரம் என்றால் நாலு காலிலும் தண்ணீர் நிரப்பிய தோம்பு கட்டுங்கள். நம் பக்கத்து சாயங்கால மழை காற்றோடுதான் வரும்.

ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் சின்ன அட்டை வேண்டும். தலைப்பு, அளவு, விலை. விலையை எழுதித்தான் வைக்க வேண்டும். கேட்டால் சொல்வோம் என்று விட்டால் பாதிப் பேர் கூச்சப்பட்டுக் கேட்காமலே போவார்கள். தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். மலாய்க்காரரும் சீனரும் தோட்டத்துப் படம் வாங்குவார்கள், நான் விற்றிருக்கிறேன். கீழே இரண்டு வரி. ‘தோட்ட வாழ்வின் இனிய நினைவுகள்’ என்ற மாதிரி வேண்டாம், அது எந்தப் படத்துக்கும் பொருந்தும். ‘காலை ஐந்தரை. ஏழாவது பிள்ளை இன்னும் வரவில்லை’ என்று எழுதினால் படித்தவர் தொட்டில்களை எண்ணத் தொடங்குவார். எண்ணி முடிக்கும்வரை அங்கேயே நிற்பார்.

நீங்கள் மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டாம், கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். படத்துக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். யாராவது நின்றால் உடனே பேசத் தொடங்காதீர்கள். கொஞ்ச நேரம் விடுங்கள். அப்புறம், “நீங்க எந்தத் தோட்டம்?” என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர்கள் சொல்வார்கள். நம்மிடையே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிறவர் இல்லை. சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: தோட்டத்தின் பெயர், எத்தனையாவது லயம், வாசலில் என்ன மரம், தொலைபேசி எண். அடுத்த வருடப் படங்கள் அந்த நோட்டில்தான் இருக்கின்றன. “எங்க லயத்தை வரைஞ்சு தருவீங்களா?” என்று கேட்பார்கள். பாதிப் பணம் முன்னே வாங்கிக்கொண்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒருவர் சொல்லி நீங்கள் வரைந்து தரும் படத்துக்குப் பதிப்புரிமை விதி வேறு. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொல்லி வரையவைத்தவருக்கே அந்தப் படத்தின் பதிப்புரிமை போய்ச் சேரும். நீங்களாக வரைந்து பிறகு விற்ற படத்துக்கு அப்படி இல்லை. வாங்கியவருக்குப் படம் சொந்தம், அச்சிடும் உரிமை உங்களிடமே இருக்கிறது, நீங்கள் வாழும் காலமும் அதற்குப் பிறகு 50 வருடமும். ஆகவே ரசீதிலேயே ஒரு வரி அடித்துக்கொள்ளுங்கள்: ‘பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்’. சொல்லி வரையவைப்பவரிடம் அதில் கையொப்பமும் வாங்குங்கள்.

நாட்காட்டிக்காரர்களுக்கும் இதே பதில்தான். போடட்டும், நல்லதுதான், ஆயிரம் வீட்டு அடுப்படியில் உங்கள் லயம் ஒரு வருடம் தொங்கும். ஆனால் அவர்கள் அனுப்பியிருக்கும் தாளில் ‘எல்லா உரிமைகளும் நிறுவனத்துக்கு’ என்று இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வருட நாட்காட்டிக்கு மட்டும், இத்தனை பிரதி மட்டும், ஒவ்வொரு தாளிலும் ஓவியர் பெயர் தெளிவாக, இவ்வளவு தொகை என்று நீங்களே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். ‘உங்களுக்கு விளம்பரம்தானே’ என்று இலவசமாகக் கேட்டால், அச்சகத்துக்கும் அப்படித்தான் கொடுக்கிறார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

பேசி முடித்துப் பணம் கொடுக்கிற நேரத்தில் ‘கையில காசு இல்லை, அப்புறம் வரேன்’ என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது. கைப்பேசியில் பணம் செலுத்த உதவும் டூயிட்நவ் கியூஆர் அட்டை ஒன்றைப் படங்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தொடர்ந்து விற்கப் போகிறீர்கள் என்பதால் வணிகங்களைப் பதியும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் பதிந்துவிடுங்கள், அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60. சந்தைக்காரர்கள் பலர் இதைக் கேட்பார்கள்.

வெளியூர்க் கண்காட்சிகளை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. பினாங்கில் பழைய ஹின் பேருந்துப் பணிமனையில் வார இறுதிச் சந்தை நடக்கிறது. முதலில் வெறுங்கையோடு போய் ஒரு நாள் முழுக்க நின்று பாருங்கள்: யார் வருகிறார்கள், எதை எடுத்துப் பார்க்கிறார்கள், எந்த விலையில் கைவைக்கிறார்கள். கோலாலம்பூரில் பாசார் சேனிப் பக்கம் ஓவியர்கள் கடை போட்டிருக்கும் சந்திலும் அப்படியே. 1958இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடத்தின் திறந்த அழைப்புகளையும் கவனித்து வாருங்கள். தேர்வுக்குப் படம் அனுப்பச் சொல்லும் கண்காட்சிகளுக்கு அனுப்புங்கள். இடவாடகை வாங்கிக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் சந்தைக்கும், படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கண்காட்சிக்கும் வித்தியாசம் இருக்கிறது. உங்களுக்கு வந்த அழைப்பில் உங்கள் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வங்கிக் கணக்கு எண் மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

‘ஓவியமெல்லாம் நமக்கு எதுக்கு’ என்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன். இந்த நாட்டின் பெரிய ஓவியர்களில் ஒருவரான சையத் தாஜுதீன் 1943இல் ராமநாதபுரத்து அழகன்குளத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம், போரையும் குப்பைமேட்டையும் காடழிப்பையும் பற்றி வெளிப்படையாகக் கேள்வி கேட்ட ஓவியங்களைச் செய்தவர். இருவரையும் இந்த நாடு தன் ஓவியர்களாகத்தான் வைத்திருக்கிறது. வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் விடுங்கள், ஆயாக்கொட்டகைப் படத்தை அம்மா தினமும் பார்க்கிற இடத்தில் மாட்டிவையுங்கள்.

தீபாவளிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. எட்டுப் படங்களைத் தேர்ந்தெடுத்து, முன்பக்கம் மட்டுமல்லாமல் பின்பக்கத்தையும் புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். கொக்கி எங்கே வரவேண்டும், கயிறு எவ்வளவு தொய்வாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றிலும் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். கண்ணாடியை நீங்களே கழற்றப் பார்க்காதீர்கள், ஆணி தெறித்தால் கேன்வாஸ் கிழியும். ஈப்போ பக்கம் வரும்போது எடுத்து வாருங்கள், கழற்றித் தருகிறேன்.